கூடுதல் விலை எங்கே பலன் தரும்?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. என் கணவர் உடுமலைப்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இருவர் வருமானத்திலும் எல்லாச் செலவும் போக மாதம் 20,000 ரூபாய் மிச்சமாகிறது. பல ஆண்டுகளாக எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். எதை வாங்கினாலும் விலை கூடியதையே வாங்க வேண்டும், மலிவை வாங்கினால் இரண்டு முறை வாங்க வேண்டியிருக்கும் என்பது அவர் கட்சி. கூடுதல் பணம் பெயருக்கும் விளம்பரத்துக்கும்தான் போகிறது என்பது என் கட்சி. பால் பாக்கெட், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, வாங்கவிருக்கும் ஏசி என்று எல்லாவற்றிலும் இந்த வழக்கு ஓடுகிறது. நான் 150 ரூபாய்க்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அவர் அன்றே குப்பையில் போட்டுவிட்டார். இப்போது முதல் கார் வாங்கப் போகிறோம். நான் பார்த்து வைத்திருப்பது ஷோரூம் விலை 7,20,000 ரூபாய் உள்ள சிறிய கார். அவர் பார்த்திருப்பது 10,60,000 ரூபாய்க்கு ஒரு எஸ்யூவியின் உயர்ந்த வேரியண்ட். கையில் 3 லட்சம் இருக்கிறது, மீதி கடன்தான். பழனி, திண்டுக்கல்லில் என் அம்மா வீடு, எப்போதாவது கோவை என்று மாதம் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. “பாதுகாப்புக்காகத்தான் பெரிய கார்” என்று அவர் சொல்லும்போது மட்டும் என்னால் பதில் பேச முடியவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கணவரின் கருத்து எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய தொழிலே சொல்லிவிடுகிறது. காயில் கருகிய மோட்டார்களை அன்றாடம் பிரித்துப் பார்ப்பவர் அவர். விலை குறைந்த மோட்டாரில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றியிருப்பதையும், அது சீக்கிரம் சூடேறுவதையும், பேரிங் மட்டமாக இருப்பதையும் கண்ணால் கண்டவர், மலிவானது நிலைக்காது என்ற முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. மோட்டார் விஷயத்தில் அந்த முடிவு பெரும்பாலும் சரியானதும்கூட. ஆனால் அதே பட்டறையில் அவர் இன்னொன்றையும் நாள்தோறும் செய்கிறார். நாளெல்லாம் ஓடும் எண்ணெய் ஆலைக்காரர் வந்து கேட்டால், விலை கூடினாலும் ஐ.இ.3 தரத்து உயர்திறன் மோட்டாரைப் போடச் சொல்வார்; தினமும் கால் மணி நேரம் மட்டும் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வீட்டுக்காரரிடம் அப்படிச் சொல்ல மாட்டார். இரண்டு பேருக்கும் அவர் சொல்லும் பதில் வேறுபடுவதற்குக் காரணம் மோட்டார் ஓடும் நேரம். தொழிலில் இவ்வளவு நுணுக்கமாகப் பயன்படுத்தும் அந்த அளவுகோலை அவர் மாலையில் பட்டறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார் என்பதுதான் என் கணிப்பு. அதை வீட்டுக்கும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் எடுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும், மின்னணுப் பலகையால் இயங்கும் மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். விலையில் 1,400 ரூபாய் வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கூடத்தில் நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடும் ஃபேனில் 162 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று கணக்கிட்டால் 810 ரூபாய். இரண்டு ஆண்டு முடிவதற்குள் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பிவிடும். அதே ஃபேனை விருந்தினர் அறையில் மாட்டினால் என்ன ஆகும்? அதே 300 நாளில் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் அந்த அறையில் ஆண்டு மிச்சம் 70 ரூபாய்கூட வராது. போட்ட பணம் திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு ஃபேன்களில் ஒன்று லாபம், மற்றொன்று வீண். ஆகவே ‘விலை கூடிய ஃபேன் நல்லதா?’ என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது; ‘எந்த அறைக்கு?’ என்று கேட்டால் உண்டு.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு ஒரு கூடுதல் பரிமாணமும் இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும்போது, இலவசமான முதல் 100 யூனிட் போக மீதிக்கு, மலிவான படிநிலைகள் இல்லாத வேறு விகிதப் பட்டியல் பொருந்துகிறது. கோடை மாதங்களில் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகளில், அதிகம் ஓடும் மூன்று ஃபேன்களை மாற்றினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட்டுக்கு மேல் குறைந்து, கட்டணம் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடவும் கூடும். உங்கள் மின்கட்டண அட்டையில் சென்ற ஏப்ரல், மே மாதப் பதிவுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. சாதாரண ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சரை மாற்றிவிட்டு உங்கள் கணவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார், பி.எல்.டி.சி. ஃபேனில் மின்னணுப் பலகை போனால் அந்த நிறுவனத்தின் பலகையைத்தான் தேட வேண்டும். அதனால் உத்தரவாதக் காலத்தையும் பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது.

ஏசி விஷயத்தில் பலரும் மின்சிக்கன லேபிளில் உள்ள நட்சத்திரத்தை எண்ணிப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்பயன்பாடு, 1,600 மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக் கணக்கிட்டது. உங்கள் வீட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இரவு எட்டு மணி நேரம் என்றால் 720 மணி நேரம்தான் வருகிறது. மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் லேபிளில் 200 யூனிட் வேறுபாடு தெரிந்தால், உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவான 90 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 630 ரூபாய். அதற்காக 8,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அது திரும்புவதற்குள் ஏசிக்கே வயதாகிவிடும். உங்களுக்கு மூன்று நட்சத்திரம் போதும். காலை முதல் இரவு வரை ஏசி ஓடும் துணிக்கடைக்காரர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இனி உங்களைக் கடிந்துகொள்ள வேண்டிய இடம். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் குப்பையில் போட்டதில் நான் முழுக்க முழுக்க உங்கள் கணவர் பக்கம். ஓடும் நேரத்தைப் பார்ப்பதோடு, பொருள் பழுதானால் எதை இழக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சட்டை சாயம் போனால் இழப்பு ஒரு சட்டை. மெல்லிய கம்பி வைத்த பிளக் பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால், போவது அந்த 150 ரூபாய் மட்டுமாக இருக்காது. ஹெல்மெட்டும் இப்படித்தான். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்ற போதிலும், சாலையோரத்தில் இன்னும் தொப்பி மாதிரி ஒன்றை விற்கிறார்கள். நீங்கள் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிறவர் என்றால் இன்று மாலையே உங்கள் ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள். பிரஷர் குக்கர், அடுப்பு கேஸ் டியூப், வண்டியின் டயர், பிரேக் ஆகியவற்றையும் இந்த வரிசையில் வையுங்கள். இங்கெல்லாம் நாம் பணம் கொடுப்பது தரநிர்ணயத்துக்கும் காலாவதிக்கும். நிறத்துக்கோ பெயருக்கோ கொடுக்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்பதைக் காட்டும். மிக உயர்ந்த நிறுவனத்தின் டயராகவே இருந்தாலும் கடையில் நான்கு ஆண்டு கிடந்ததை வாங்க வேண்டாம்.

மளிகை, மருந்து ஆகியவற்றில் உங்கள் கட்சி வெல்கிறது, ஆனால் முழுமையாக அல்ல. ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம், பச்சையில் 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. விலை ஏறுவது அந்தக் கொழுப்புக்காக. ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறவர் உயர்ந்த பாலை வாங்குவதாக நினைத்துக்கொள்கிறார். அவருக்குக் கிடைப்பது கெட்டியான பால். கெட்டித் தயிரும் பால்கோவாவும் வேண்டிய நாளில் அது சரி. கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த வீட்டில், கூடுதல் பணம் கொடுத்து வேண்டாததை வாங்குகிறோம்.

மாமியாரின் மாத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாதந்தோறும், வாழ்நாள் முழுவதும் போகும் செலவு இது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்ற மருந்துகளின் காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது. பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் மாத்திரையும், மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் வேதிப்பெயரில் கிடைக்கும் மாத்திரையும் ஒரே மருந்தையே தருகின்றன. விலையில் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி பெயருக்கும் விற்பனைச் செலவுக்கும் உரியது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு தொடங்கிவைத்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களிலும் இவ்வகை மருந்துகள் கிடைக்கின்றன. மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, மருந்தின் வேதிப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். மாற்றிய ஒரு மாதத்தில் சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொண்டால் உங்கள் கணவருக்கும் நிம்மதி. தைராய்டு, வலிப்பு போன்றவற்றுக்கான மருந்துகளில் மட்டும் நிறுவனத்தை மாற்றுவதற்கு முன் மருத்துவரின் சம்மதம் கட்டாயம் வேண்டும், ஏனெனில் அவற்றில் அளவு சிறிது மாறினாலும் விளைவு தெரியும்.

மற்றச் சில்லறைப் பொருள்களுக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. உறையில் ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தால் போதும். பெரிய பாட்டில்தான் சிக்கனம் என்ற நம்பிக்கை, ஷாம்பு விஷயத்தில் பல சமயம் தவறு என்பதை அந்தப் பொடி எழுத்தே காட்டிவிடும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட் சரங்களே அங்கு மலிவாக இருக்கின்றன.

காருக்கு வருவோம். முதலில் எண்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் சிறிய காருக்கு ஷோரூம் விலை 7,20,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடப்பில் உள்ள ஆயுட்கால வரி விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், அதாவது 93,600 ரூபாய். காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 8,50,000 ரூபாயில் கார் சாலைக்கு வரும். உங்கள் கணவர் பார்த்திருக்கும் கார் 10 லட்சத்தைத் தாண்டுவதால் அதற்கு 18 சதவீத வரி, 1,90,800 ரூபாய். மற்றவற்றையும் சேர்த்தால் 13 லட்சம். இதுபோக, 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீத வருமான வரியை விற்பவரே வசூலித்துக் கட்டுவார். அது செலவாகாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அன்றைக்குக் கையிலிருந்து போக வேண்டும்.

முன்பணம் 3 லட்சம் போக, உங்கள் காருக்கு 5,50,000 ரூபாய் கடன் தேவை. 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 11,400 ரூபாய். அவர் காருக்கு 10 லட்சம் கடன் வேண்டும். 5 ஆண்டு என்றால் தவணை 20,750 ரூபாய், அதாவது உங்கள் மாத மிச்சத்தையே தாண்டுகிறது. இந்த இடத்தில் விற்பனையாளர் புன்னகையுடன் ‘7 ஆண்டு போட்டுக்கொள்ளுங்கள், சார்’ என்பார். தவணை 16,100 ரூபாயாகக் குறைந்துவிடும். வட்டி மட்டும் 3,51,000 ரூபாயாக ஏறிவிடும். முன்பணத்தோடு கூட்டிப் பார்த்தால், உங்கள் காருக்கு மொத்தம் 9,85,000 ரூபாயும் அவருடைய காருக்கு 16,51,000 ரூபாயும் கொடுத்திருப்பீர்கள். ஷோரூம் பலகையில் 3,40,000 ரூபாயாகத் தெரிந்த வேறுபாடு, வரியும் வட்டியும் சேர்ந்து 6,66,000 ரூபாயாக வளர்ந்திருக்கும். இதையெல்லாம் மாதம் 600 கிலோமீட்டருக்காக, அதாவது மாதத்தில் ஏறக்குறைய பதினைந்து மணி நேர ஓட்டத்துக்காகக் கொடுக்கிறோம்.

இதற்கு உங்கள் கணவர், ‘பெரிய காரை விற்கும்போது நல்ல விலை கிடைக்கும்’ என்று பதில் சொல்லக்கூடும். காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பைக் குறைக்கும் அட்டவணையில், நான்கு முதல் ஐந்து ஆண்டு ஆன காருக்குப் பாதி மதிப்புதான். சந்தை விலை அதற்குச் சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் பாதி என்றே கொண்டால் 7,20,000 ரூபாய் காரில் 3,60,000 ரூபாயும், 10,60,000 ரூபாய் காரில் 5,30,000 ரூபாயும் கரைந்துபோகும். சதவீதம் ஒன்றுதான் என்றாலும் ரூபாய் ஒன்றல்ல. மேலும், பழைய கார் வாங்க வருபவர் ஓடிய கிலோமீட்டரையும் எத்தனையாவது உரிமையாளர் என்பதையும்தான் முதலில் கேட்பார். உயர்ந்த வேரியண்டுக்காக நீங்கள் கொடுத்த முழு வேறுபாட்டையும் அவர் திருப்பிக் கொடுப்பது அரிது.

இப்போது உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது, தள்ளிவிடாதீர்கள். இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதினால் கனமான வண்டியில் இருப்பவருக்குச் சாதகம் என்பது இயற்பியல். காரை மோதவிட்டுப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனையில் முன்மோதலுக்குத் தரப்படும் நட்சத்திரங்களைக்கூட ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்கு இடையேதான் ஒப்பிட வேண்டும். ஆனால் 10,60,000 ரூபாய் வேரியண்டுக்கும் அதே எஸ்யூவியின் கீழ் வேரியண்டுக்கும் இடையே எடையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மாறுவது சன்ரூஃப், பெரிய திரை, அலாய் சக்கரம், தோல் இருக்கை, விளக்கு அலங்காரம். பாதுகாப்பு என்ற பெயரில் விலைப்பட்டியலுக்குள் நுழைந்து, வெளியே வரும்போது சன்ரூஃபுடன் வருவது பலருக்கும் நேர்வதுதான். எனக்கும் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய காரில் சன்ரூஃபுக்காகவே மேல் வேரியண்டுக்குப் போனேன். நம் ஊர் வெயிலில் அதை இதுவரை நான்கு முறை திறந்திருப்பேன். அவற்றில் ஒருமுறை, கார் கழுவிய தண்ணீர் உள்ளே வருகிறதா என்று பார்ப்பதற்காக.

எனவே பாதுகாப்பைத் தனியாகப் பிரித்து எடுத்துக் கேளுங்கள். இரண்டு ஏர்பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், பின்பக்க பார்க்கிங் சென்சார், வேக எச்சரிக்கை ஆகியவை எல்லாப் புதிய கார்களிலும் சட்டப்படி இருந்தாக வேண்டும். அவற்றைச் சிறப்பு அம்சங்களாகச் சொல்லி யாரும் உங்களிடம் விற்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. அந்த வேரியண்டில் ஆறு ஏர்பேக் இருக்கிறதா. மழையில் வளைவில் கார் வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேர்ப்படுத்தும் இ.எஸ்.சி. வசதி இருக்கிறதா, 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் அந்த மாடல் எத்தனை நட்சத்திரம் பெற்றது. பெரியவர்களுக்கு ஒன்றும் குழந்தைகளுக்கு ஒன்றுமாக இரண்டு மதிப்பெண் இருக்கும், இரண்டையும் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் சிறிய காரின் அந்த வேரியண்டில் இவை இல்லையென்றால், இவை உள்ள வேரியண்டுக்கு 70,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். வரியோடு 79,000 ரூபாய் ஆகும். தவணையில் மாதம் 1,650 ரூபாய். சீட் கவரையும் பின்பக்க கேமராவையும் அடுத்த தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளலாம், ஏர்பேக்கைப் பின்னால் போட முடியாது. அந்த மாடல் சோதனையில் மோசமாகத் தேறியிருந்தால், மலிவு என்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் வேறு சிறிய காரைப் பாருங்கள்.

இன்னொன்று, விலையே இல்லாதது. ஏர்பேக் என்பது சீட் பெல்ட்டுக்குத் துணை. பெல்ட் போடாதவருக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவு, சில நேரம் காயமே உண்டாகும். பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் மோதலின்போது முன்னிருக்கையில் இருப்பவர் மேல் வந்து விழுவார். பழனிக்குப் போகும்போது பின்னால் மாமியாரும் பிள்ளைகளும் பெல்ட் போடுகிறார்களா என்பதை, சன்ரூஃபைப் பற்றிப் பேசும் முன் இருவரும் பேசி முடித்துவிடுங்கள்.

பெரிய கார்தான் வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக இருந்தால், அதே எஸ்யூவியில் 10 லட்சத்துக்குள் ஒரு வேரியண்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 9,90,000 ரூபாய் காருக்கு 13 சதவீதப்படி வரி 1,28,700 ரூபாய். 10,60,000 ரூபாய் காருக்கு 1,90,800 ரூபாய். விலை ஏறுவது 70,000 ரூபாய், வரி ஏறுவது 62,100 ரூபாய். சன்ரூஃபுக்கு ஒரு முறையும் அரசுக்கு ஒரு முறையும் ஏறக்குறைய அதே தொகையைக் கொடுக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். கணக்கில் கெட்டிக்காரரான தொழில்காரருக்கு இது உறைக்கும்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். உங்கள் தேர்வும் உங்கள் வருமானத்துக்கு இறுக்கமானதுதான். பாதுகாப்பான வேரியண்டையும் சேர்த்தால் தவணை 13,000 ரூபாய். லிட்டர் 100 ரூபாய் வீதம் பெட்ரோல் ஏறக்குறைய 3,750 ரூபாய். மீதி 3,250 ரூபாயில் இரண்டாம் ஆண்டுக் காப்பீடு, சர்வீஸ், டயர், பிறகு மகளின் கல்லூரி. மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது தவணை பாதியளவுதான் முடிந்திருக்கும். (அவருடைய காராக இருந்தால் தவணையும் பெட்ரோலும் சேர்ந்தே 20,000 ரூபாயை விழுங்கிவிடும்.) ஆகவே பத்து மாதம் பொறுங்கள். இப்போது மிச்சமாகும் 20,000 ரூபாயைத் தவணை கட்டுவதாகவே நினைத்துத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். முன்பணம் 5 லட்சமாகும், கடன் 4,30,000 ரூபாயாகக் குறையும், தவணை 9,000 ரூபாய்க்குள் நிற்கும். அந்த 2 லட்சத்துக்கு நீங்கள் கட்டியிருக்க வேண்டிய வட்டி 49,000 ரூபாய் மிச்சம். இடையில் கார் விலை ஏறிவிடாதா என்றால், ஏறலாம். நிறுவனங்கள் பெரும்பாலும் ஜனவரியில் ஏற்றுகின்றன. இரண்டு சதவீதம் ஏறினாலும் 16,000 ரூபாய்க்குள்தான் வரும். இந்தப் பத்து மாதத்தில் ஏதாவது ஒரு மாதம் பணம் போட முடியாமல் போனால், அதைக் கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது எவ்வளவு மலிவு என்று யோசித்துப் பாருங்கள்.

காத்திருக்க மனமில்லையென்றால், மூன்று ஆண்டு ஓடிய ஒரு காரையும் பார்க்கலாம். முதல் மூன்று ஆண்டின் மதிப்புக் குறைவை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பார். வங்கிக் கடன் பதிவு ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா, காப்பீட்டில் பெரிய விபத்துக்கு இழப்பீடு வாங்கியிருக்கிறார்களா என்ற இரண்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். எஞ்சினைக் கேட்டுச் சொல்ல உங்கள் கணவரைவிட நல்ல காது உங்களுக்கு அமையாது.

எந்தக் காராக இருந்தாலும், ஷோரூமில் ஆன்ரோடு விலையை ஒரே தொகையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். ஷோரூம் விலை, வரி, பதிவு, காப்பீடு, ஆக்சஸரி, நீட்டித்த உத்தரவாதம் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதிக் கொட்டேஷன் வாங்குங்கள். ஆக்சஸரி தொகுப்பு உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. காப்பீட்டையும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் இரண்டு நிறுவனங்களிடம் அதே வசதிகளுக்கு விலை கேட்டுவிட்டு வந்தால், பெரும்பாலும் அங்கேயே குறைத்துத் தருவார்கள்.

இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் காட்டுவதாக இருந்தால், காரைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அவர் பக்கம் தீர்ப்பானதை முதலில் படித்துக் காட்டுங்கள், அடுத்து மின்விசிறிக் கணக்கு. கார் அதற்குப் பிறகு வரட்டும், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின்.